துப்பாக்கி ஏந்திய காவலர் எப்போது சுடலாம்?

வங்கியிலோ நகைக்கடையிலோ கொள்ளை நடந்து, அந்த சிசிடிவி காட்சி வெளியே வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கையில் துப்பாக்கி இருந்தும் மரம் மாதிரி நின்றாரே, அப்புறம் எதற்கு அந்தத் துப்பாக்கி?" என்று ஒரு கட்சி. காவலர் சுட்டிருந்தால் அடுத்த கட்சி வரும்: "காலில் சுட்டிருக்கலாமே, நெஞ்சில் ஏன் சுட்டார்?" இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. துப்பாக்கியைக் கொடுத்ததும் சுடும் அதிகாரமும் கூடவே வந்துவிட்டது, அதைத் தாராளமாகப் பயன்படுத்துவதா சிக்கனமாகப் பயன்படுத்துவதா என்பதுதான் பாக்கி என்ற நம்பிக்கை.

சுடும் உரிமை துப்பாக்கியோடு வருவதில்லை. எதிரே இருக்கும் ஆபத்தோடு வருகிறது. ஆபத்து விலகினால் அதுவும் போய்விடுகிறது. சில சமயம் வந்து போவதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. இதைப் புரிந்துகொண்டால், இந்த விஷயத்தில் குழப்பமாகத் தெரிகிற பலதும் தானாகத் தெளிந்துவிடும்.

இங்கே பேசப்போவது வங்கி வாசல், பண வண்டி, கிடங்கு, கப்பல் போன்ற இடங்களில் ஆயுதத்தோடு நிற்கும் தனியார் காவலர்களைப் பற்றி. போலீஸ், ராணுவம் பற்றிய பேச்சு தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

சீருடை ஒன்றுபோல இருக்கும், அதிகாரம் அப்படி இல்லை

முதலில் ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தடுக்கவோ நிறுத்தவோ விலக்கவோ உடல் வலிமையையோ கருவியையோ பயன்படுத்தினால் அது பலப்பிரயோகம். தோளைப் பிடித்து வெளியே தள்ளுவதும் பலப்பிரயோகம்தான், சுடுவதும் பலப்பிரயோகம்தான். சாவையோ கொடுங்காயத்தையோ உண்டாக்கக்கூடியதை மட்டும் உயிர்பறிக்கும் பலம் என்று தனியாகப் பிரிப்பார்கள்.

போலீஸ்காரருக்குச் சட்டம் ஒரு கடமையைக் கொடுத்திருக்கிறது. குற்றம் செய்தவரைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். அந்தக் கடமைக்காகச் சில கூடுதல் அதிகாரங்களும் உண்டு. தனியார் காவலருக்கு அந்தக் கடமையும் இல்லை, பெரும்பாலான நாடுகளில் அந்த அதிகாரங்களும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன். இடத்துக்குச் சொந்தக்காரர் சார்பில் வாசலில் நிற்கிறார். சொந்தக்காரர் ஒருவரை 'வெளியே போ' என்று சொல்லலாம் என்றால் காவலரும் சொல்லலாம். சொந்தக்காரரே அங்கே நின்றிருந்தால் உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டிருக்கலாம் என்கிற நிலைமையில் காவலரும் சுடலாம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆயுத உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் தருகிற அனுமதி. யாரைச் சுடலாம் என்று அதில் எழுதியிருக்காது.

கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் குடிமகனே ஆளைப் பிடித்துவைக்கப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. ஆனால் பிடித்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். இந்தியாவில் இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு 6 மணி நேரம் என்று கெடுவே வைத்திருக்கிறது. காவலர் அறையில் உட்காரவைத்து விசாரிப்பது, நாலு தட்டு தட்டி உண்மையை வாங்குவது எல்லாம் இதில் சேராது. அதற்குப் பெயர் குற்றம்.

சரி, சுடும் உரிமை எங்கிருந்து வருகிறது? தற்காப்பு உரிமையிலிருந்து. தன் உடலையும் பிறர் உடலையும், ஓர் எல்லை வரை உடைமையையும் காத்துக்கொள்ள எல்லா மனிதருக்கும் சட்டம் தருகிற உரிமை அது. 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் தண்டனைச் சட்டங்களும் அதே 1860 வார்ப்பில் வந்தவைதான். இலங்கையின் 1883 சட்டமும் அந்த வழியில் வந்ததே. இங்கிலாந்து 1967-ல் இதை ஒரே வரியில் அடக்கியது: குற்றத்தைத் தடுக்க ஒருவர் சூழ்நிலைக்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காவலரின் உரிமை சாதாரண மனிதரின் தற்காப்பு உரிமை. துப்பாக்கி அதை நிறைவேற்ற ஒரு கருவி.

பிரேக் மிதிப்பதைப் பாருங்கள்

வண்டி ஓட்டுகிறவருக்கு இது சுலபமாகப் புரியும். தூரத்தில் சிக்னல் சிவப்பானால் மெல்ல மிதிக்கிறோம். திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் ஒரே மிதியாக மிதிக்கிறோம். முதலில் லேசாக மிதித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்று யாரும் கேட்பதில்லை. குழந்தை கடந்து போனதும் காலை எடுத்துவிடுகிறோம். பயந்துபோய்விட்டேன் என்று நடுரோட்டில் மிதித்தபடியே நின்றால் பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். முன்வண்டிக்குப் போதிய இடைவெளி விட்டு ஓட்டுகிறவருக்கு ஒரே மிதியாக மிதிக்கவேண்டிய நிலைமையே அபூர்வமாகத்தான் வரும்.

பலப்பிரயோகத்தின் இலக்கணம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆபத்து எவ்வளவோ அவ்வளவு பலம், ஆபத்து இருக்கும் வரை மட்டும் பலம், இடைவெளி இருந்தால் பலமே தேவைப்படாமல் போகலாம்.

காவலர் பயிற்சியில் ஓர் ஏணிப் படம் காட்டுவது வழக்கம். கீழ்ப்படியில் சீருடையோடு நிற்பது, அதற்கு மேல் பேச்சு, பிறகு கையால் பிடிப்பது, பிறகு தடியோ மிளகு ஸ்ப்ரேயோ, உச்சியில் துப்பாக்கி. படம் நல்ல படம்தான், அதைப் படிக்கிற விதத்தில்தான் கோளாறு. ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கத்தியோடு பாய்கிறவனிடம் முதலில் பேசி, பிறகு கையைப் பிடித்து, பிறகு தடியைத் தேடு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. நிலைமை எந்தப் படியைக் கேட்கிறதோ நேரே அங்கே போகலாம். எதிராளி இறங்கினால் காவலரும் உடனே இறங்க வேண்டும் என்பதும் அதே படத்தில் இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இந்தக் குழப்பத்தினாலேயே பல அமைப்புகள் ஏணிப் படத்தைக் கைவிட்டுவிட்டன.

ஆபத்து என்று எதைச் சொல்கிறோம்

பயமாக இருந்தது என்பது மட்டும் போதாது. பயம் எல்லோருக்கும் வரும், எதைப் பார்த்தும் வரும். அந்த நிலையில் இருந்த நியாயமான மனிதர் ஒருவருக்கும் அதே பயம் வந்திருக்குமா என்றுதான் சட்டம் பார்க்கிறது. அதை எடைபோடப் பயிற்சியாளர்கள் மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள்.

அவனிடம் கொல்லவோ கொடுங்காயம் ஏற்படுத்தவோ வேண்டிய திறன் இருக்கிறதா? அந்தத் திறனை இப்போது, இந்த இடத்திலிருந்து பயன்படுத்த அவனுக்கு வாய்ப்பு இருக்கிறதா? பயன்படுத்தப் போகிறான் என்று காட்டும் நோக்கம் தெரிகிறதா? மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் அது உடனடி ஆபத்து. ஒன்று குறைந்தாலும் உயிர்பறிக்கும் பலத்துக்கு இடமில்லை.

ஒரு கிடங்கு வாசலை எடுத்துக்கொள்வோம். இரும்பு கேட் பூட்டியிருக்கிறது. வெளியே, நாற்பது மீட்டர் தள்ளி, ஒருவன் கையில் நீளக் கத்தியோடு நின்று, 'உன்னை வெட்டாமல் விடமாட்டேன்' என்று கத்துகிறான். திறன் இருக்கிறது, நோக்கத்தை அவனே வாயால் சொல்கிறான். வாய்ப்பு இல்லை, நடுவே பூட்டிய கேட்டும் தூரமும் இருக்கின்றன. காவலர் சுட்டால் அது கொலை என்று பார்க்கப்படலாம். அவர் செய்ய வேண்டியது உள்ளே தள்ளி நின்று, மறைவு பிடித்து, போலீசுக்குப் போன் போடுவது.

இப்போது அவன் கேட்டில் ஏறி உள்ளே குதித்து, கத்தியை ஓங்கியபடி ஓடிவருகிறான். நொடியில் வாய்ப்பும் சேர்ந்துவிட்டது. காவலர் துப்பாக்கியை நீட்டி, 'நில்' என்று அதட்டுகிறார். அவன் நின்று, கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறான். இப்போது திறன் போய்விட்டது. அதே ஆள், அதே கோபம், அதே இடம். பத்து நொடிக்குள் காவலரின் உரிமை இல்லாமல் இருந்து, பிறந்து, மறுபடி இல்லாமல் போய்விட்டது. கடைசி நிலையில் விசையை அழுத்தினால், 'ஏற்கெனவே கத்தியோடு வந்தானே' என்ற வாதம் காப்பாற்றாது.

முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முகத்தில் கோபம் தெரியும், திறன் கையில்தான் இருக்கும். பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வரும்போது அதில் இருப்பது செல்போனா வேறெதுவுமா என்பதில் ஓர் உயிரும் ஒரு சிறைத்தண்டனையும் தொங்குகின்றன.

தூரத்தை நேரமாகக் கணக்கிடுவது

கத்தி வைத்திருப்பவன் துப்பாக்கி வைத்திருப்பவரை என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல் இதை அளந்து எழுதினார். ஆரோக்கியமான ஆள் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். இடுப்பு உறையில் இருக்கும் கைத்துப்பாக்கியை உருவிக் குறிவைத்து இரண்டு குண்டு சுடப் பயிற்சி பெற்றவருக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. தோளில் மாட்டிய நீளத் துப்பாக்கி என்றால் இன்னும் கூட.

இதிலிருந்து முளைத்ததுதான் '21 அடி விதி' என்ற கட்டுக்கதை. 21 அடிக்குள் கத்தியோடு வந்தால் சுடலாம், தாண்டி நின்றால் கூடாது என்று கோடு போட்டதுபோலச் சொல்வார்கள். டூலர் அப்படி ஒரு விதியும் போடவில்லை. தூரம் என்பது நேரம், நேரம் குறைந்தால் யோசிக்க வழியில்லை என்பதுதான் அவர் காட்டியது. நடுவே ஒரு மேசை இருந்தாலே கணக்கு மாறிவிடும்.

மனித உடலும் தாமதமாகத்தான் வேலை செய்யும். கண் பார்த்ததைக் கை செய்ய எளிய விஷயத்துக்கே கால் நொடி ஆகிறது. சுடுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். இது நிறுத்துவதற்கும் பொருந்தும். எதிராளி ஆயுதத்தைக் கீழே போட்ட அதே கணத்தில் விரல் நின்றுவிடாது. ஒரு குண்டு கூடுதலாகப் போய்விடலாம். விசாரணையில் இதைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் சுட்டு, ஆள் விழுந்து, காவலர் அருகே நடந்துபோய் மறுபடி சுட்டால் அந்த இடைவெளியை எந்த உடலியலும் விளக்காது.

ஆகவே நல்ல காவலர் நேரத்தைச் சம்பாதிக்கப் பார்ப்பார். இரண்டடி பின்னால் போவது, தூணுக்கோ வண்டிக்கோ பின்னால் நிற்பது, கதவைச் சாத்துவது, குரலைத் தாழ்த்திப் பேசுவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பயந்து ஒதுங்குவதுபோலத் தெரியும். கூட்டத்தின் கேலிக்காக முன்னால் ஓரடி எடுத்துவைத்த காவலர்தான் பிறகு சுடவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

தேவை, அளவு

தேவை என்றால் வேறு வழி இருந்ததா என்ற கேள்வி. அளவு என்றால் தடுக்கவிருந்த கேட்டுக்கும் செய்த காயத்துக்கும் பொருத்தம் இருந்ததா என்ற கேள்வி. இரண்டும் வேறு வேறு. ஒருவனை நிறுத்த வேறு வழியே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் செய்யப்போவது கண்ணாடிக் கதவில் கல்லெறிவது மட்டும் என்றால் சுட முடியாது. தேவை இருந்தும் அளவு இல்லை.

அளவு என்பதை ஆயுதத்துக்கு ஆயுதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெறுங்கையோடு வருகிற நாலு பேர் ஒருவரைக் கீழே தள்ளித் தலையில் மிதித்தால் அது உயிருக்கு ஆபத்து. பொம்மைத் துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிறவனிடம் உண்மையில் திறன் இல்லை, ஆனால் பார்க்கிறவருக்கு அதை அறிய வழியும் இல்லை, அவர் கண்ணில் அது ஆபத்துதான்.

ஆயுதக் காவலருக்கென்று தனியாக ஒன்று உண்டு. வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதை நினைப்பதேயில்லை. அவர் கலந்துகொள்ளும் எந்தக் கைகலப்பிலும் ஒரு துப்பாக்கி நிச்சயம் இருக்கிறது, அவருடையது. வெறுங்கையோடு வந்தவன் இடுப்பிலிருந்து அதைப் பிடுங்க முயன்றால், அந்த நொடியில் அவன் ஆயுதம் ஏந்தப் போகிறவன். அதனாலேயே துப்பாக்கி வைத்திருக்கும் காவலர் குடிகாரரைப் பிடித்து இழுப்பது, தகராறை விலக்கிவிடுவது போன்றவற்றுக்கு முதல் ஆளாகப் போகக் கூடாது. ஆயுதமில்லாத சக காவலர் போகலாம். இவர் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளலாம். ஒரே காவலரைக் கதவு திறக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் துப்பாக்கியைச் சுமக்கவும் வைக்கிற நிறுவனங்கள் இந்த அபாயத்தைத் தாங்களே உருவாக்குகின்றன என்பது என் கருத்து.

பணப்பையோடு ஓடுகிறவனைச் சுடலாமா

அதிகம் தவறாகப் பேசப்படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்தியச் சட்டம் உடைமையைக் காக்கும்போதும் சில சமயம் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்பை அனுமதிக்கிறது. வன்முறையோ அச்சுறுத்தலோ கலந்த கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைதல், மனிதர் வசிக்கும் அல்லது பொருள் வைக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், சாவோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்சத்தக்க விதத்தில் நடக்கும் திருட்டு ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. 'பார்த்தீர்களா, கொள்ளைக்காரனைச் சுடலாம் என்று சட்டமே சொல்கிறது' என்று இதைத்தான் காட்டுவார்கள்.

பட்டியலை மட்டும் படித்தால் அப்படித்தான் தெரியும். பக்கத்திலேயே இன்னும் இரண்டு நிபந்தனை இருக்கிறது. தேவைக்கு அதிகமான தீங்கு செய்யக் கூடாது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கும் தனிப் பிரிவு உண்டு. கொள்ளை விஷயத்தில், உடனடிச் சாவு, உடனடிக் காயம் அல்லது உடனே தடுத்துவைக்கப்படும் அச்சம் நீடிக்கும் வரை மட்டுமே. கொள்ளைக்காரன் துப்பாக்கியைக் காசாளர் தலையில் வைத்திருக்கும்போது அச்சம் இருக்கிறது. பையோடு வாசலைத் தாண்டி, முதுகைக் காட்டிப் பைக்கை நோக்கி ஓடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அந்த அச்சம் இல்லை. அவன் திரும்பிச் சுட்டுக்கொண்டே ஓடினால் கதை வேறு.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1985-ல் தீர்ப்பான டென்னஸி எதிர் கார்னர் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1974-ல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருட்டு. தப்பிக்க வேலி ஏறிய 15 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் தலையின் பின்புறத்தில் சுட்டார், சிறுவன் இறந்தான். அவனிடம் இருந்தது ஒரு பர்ஸும் 10 டாலரும். ஆயுதம் எதுவும் இல்லை, இருப்பதாகப் போலீஸ்காரருக்குத் தோன்றவும் இல்லை. தப்பி ஓடுகிறான் என்பதற்காக மட்டும் உயிரைப் பறிக்கக் கூடாது, பிறர் உயிருக்குக் கணிசமான ஆபத்து என்று நம்பக் காரணம் வேண்டும் என்றது நீதிமன்றம். பிடிக்கும் கடமை உள்ள போலீசுக்கே இவ்வளவுதான் அனுமதி. அந்தக் கடமையே இல்லாத காவலருக்கு இதைவிட அதிகமாக எப்படி இருக்கும்?

ஆகவே சுடாமல் நின்ற காவலர் பெரும்பாலும் சரியாகவே செய்திருக்கிறார். பணத்துக்குக் காப்பீடு இருக்கும். வாசலில் நெருக்கியடித்து நிற்கும் வாடிக்கையாளர்கள் நடுவே பாய்ந்த குண்டுக்குக் காப்பீடு போதாது.

சுருக்கமாக: உடைமைக்காகச் சுடுவது என்பது பெரும்பாலும் உடைமையோடு சேர்ந்து ஓர் உயிரும் ஆபத்தில் இருக்கும் நேரத்தில்தான். உயிர் ஆபத்திலிருந்து மீண்டதும் மிச்சம் போலீசின் வேலை.

காலில் சுடுவதும் வானத்தில் சுடுவதும்

ஓடும் மனிதனின் கால் மெல்லியது, வேகமாக அசைவது. நடுங்கும் கையோடு அதைக் குறிவைத்தால் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். தவறிய குண்டு தரையில் பட்டு எகிறி யாரையாவது தேடிப் போகும். பட்டால்? தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் சாவு. பட்டும் அவன் நிற்காமல் வரலாம். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை வைத்து ஒருவர் 10 முதல் 15 நொடி வரை இயங்க முடியும் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 1989-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று சொல்கிறது. காலில் பட்டவனுக்கு அதைவிட நேரம் உண்டு. '12 போர்' எனப்படும் ரவைத் துப்பாக்கியில் சிறு ரவைகள் சிதறிப் போகும்போது கால், தோள் என்று பிரித்துச் சுடுவது பேச்சுக்குக்கூட ஒத்துவராது. காலில் சுட நேரமும் நிதானமும் இருந்தது என்றால், சுடவே வேண்டியிருந்ததா என்ற கேள்விதான் முதலில் எழும். அதனால்தான் ஆபத்தை நிறுத்த உடலின் நடுப்பகுதியைக் குறிவைக்கச் சொல்லித்தருகிறார்கள். நோக்கம் கொல்வதல்ல, நிறுத்துவது. ஆனால் நிறுத்தும் முயற்சியில் உயிர் போகும் என்பதை அறிந்தே செய்கிற காரியம் அது.

எச்சரிக்கைக் குண்டுக்கும் இதே சிக்கல். மேலே போனது கீழே வந்துதான் ஆகும். கட்டடங்கள் நிறைந்த இடத்தில் பல அமைப்புகள் இதைத் தடைசெய்திருப்பது அதனால்தான். நடுக்கடலில் நிலைமை வேறு. கப்பல் காவலர்களுக்காக 2013-ல் வெளிவந்த '100 வரிசை விதிகள்' எச்சரிக்கைக் குண்டைத் தனிக் கட்டமாகவே வைத்திருக்கின்றன. சுற்றிலும் தண்ணீர், படகு நெருங்க நேரம் ஆகும்.

துப்பாக்கியைத் தொடாமலே உயிர் போகும் இடம்

2010 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். பிரிட்டனிலிருந்து அங்கோலாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை மூன்று தனியார் காவலர்கள் விமான இருக்கையில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவர் கத்தியதைச் சக பயணிகள் கேட்டார்கள். அவர் இறந்துபோனார். 2013-ல் மரண விசாரணை ஜூரி அதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2014-ல் குற்றவியல் வழக்கில் மூவரும் விடுதலையானார்கள். ஒரு குண்டுகூடப் பாயவில்லை.

மூச்சு இழுக்க நெஞ்சு விரியவும் வயிறு முன்னால் தள்ளவும் இடம் வேண்டும். ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினாலோ, உட்காரவைத்துத் தலையை மடியோடு அமுக்கினாலோ அந்த இடம் இல்லாமல் போகிறது. அவர் துள்ளுவது காற்றுக்காக. மேலே இருப்பவர் அதை எதிர்ப்பு என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார். பேச முடிந்தால் மூச்சுவிட முடியும் என்ற பேச்சு தவறு. கைகள் கட்டுக்குள் வந்ததும் எடையை எடுத்து, ஆளைப் பக்கவாட்டில் திருப்பவோ உட்காரவைக்கவோ வேண்டும், உடனே.

கணிப்பு தவறினால்

ஆபத்தின் நடுவில் நிற்பவர் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1971-ல் பாமர் என்பவரின் வழக்கிலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2010-ல் தர்ஷன் சிங் வழக்கிலும் ஏறக்குறைய இதையே சொன்னன. தர்ஷன் சிங் தீர்ப்பு கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: இது தற்காக்கும் உரிமை, பழிவாங்கும் உரிமை கிடையாது. நியாயமான தவறு மன்னிக்கப்படும். கண்ணை மூடிக்கொண்டு செய்த தவறு மன்னிக்கப்படாது.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், நெருங்கிவந்த ஒரு படகைக் கொள்ளையர் படகு என்று எண்ணிச் சுட்டதாகச் சொன்னார்கள். அது மீன்பிடிப் படகு. மீனவர்கள் இருவர் இறந்தார்கள். அவர்கள் தனியார் காவலர்கள் அல்ல, அரசுப் படையினர். வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்ற சண்டையே வருடக்கணக்கில் நீண்டு, 2021-ல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு இந்தியாவில் முடிந்தது. நமக்கு வேண்டியது அந்த மூன்று கேள்விகள். படகு நெருங்குவது வாய்ப்பு மட்டும்தான். திறனையும் நோக்கத்தையும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

தனியார் காவலர்கள் செய்த பெரிய கேடு 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் நடந்தது. அமெரிக்காவின் பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள் போக்குவரத்து நெரிசலில் சுட்டதில் 17 ஈராக்கியர்கள் இறந்தார்கள். நான்கு பேர் 2014-ல் தண்டனைக்குரியவர்கள் எனத் தீர்ப்பாகி, 2020 டிசம்பரில் அமெரிக்க அதிபரின் மன்னிப்பால் வெளியே வந்தார்கள். அந்தப் படுகொலைக்குப் பிறகு எழுந்த அழுத்தத்தில் 2010-ல் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான பன்னாட்டு நடத்தை விதித்தொகுப்பு உருவானது. சாவோ கொடுங்காயமோ நேரும் உடனடி ஆபத்திலிருந்து தன்னையோ பிறரையோ காக்க, அல்லது உயிருக்குப் பெரும் ஆபத்துள்ள மிகக் கடுமையான குற்றத்தைத் தடுக்க மட்டுமே சுடலாம் என்கிறது அது.

சுட்ட பிறகு

ஆபத்து நின்றுவிட்டது என்று உறுதியானதும் காவலரின் வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. சற்று முன் யாரைச் சுட்டாரோ அவருடைய ரத்தத்தை நிறுத்த வேண்டியவரும் இவரே. போலீசையும் ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும், விழுந்து கிடக்கும் ஆயுதத்தையும் தோட்டா உறைகளையும் யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது அவருக்கே கை நடுங்கும், காது கேட்காதது போல இருக்கும், எத்தனை குண்டு சுட்டோம் என்பதுகூடச் சரியாக நினைவிருக்காது. இது அதிர்ச்சியில் உடல் செய்கிற வேலை. நினைவில்லாததை ஊகித்துச் சொல்வதுதான் பின்னால் பொய்யாகத் தெரியும்.

அறிக்கையில் 'என் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டதால் சுட்டேன்' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. அதை வைத்து எந்த விசாரணை அதிகாரியும் ஒரு முடிவுக்கு வர முடியாது. அவன் எங்கே நின்றான், இடையில் என்ன இருந்தது, எந்தக் கை எங்கே போனது, கையில் என்ன தெரிந்தது, இவர் என்ன சொல்லி எச்சரித்தார், அவன் என்ன பதில் சொன்னான், பின்வாங்க இடம் இருந்ததா, பின்னால் யார் யார் நின்றார்கள், எந்தக் கணத்தில் சுடுவதை நிறுத்தினார், ஏன் அப்போது நிறுத்தினார் என்று வரிசையாக எழுதினால்தான் அந்த இரண்டு நொடியை, அங்கே இல்லாத ஒருவர் எடைபோட முடியும்.